யாழ்ப்பாணத்தின் மூன்று ஆசனங்களை எப்படி வாசிப்பது?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 27. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன். இப்போது புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அரசியல் செய்தி ஒன்று விடாமல் வாசிக்கிறேன். தொலைக்காட்சி விவாதங்களும் பார்க்கிறேன். ஆனால் யார் பேசினாலும் அவர் சொல்வது சரி போலவே இருக்கிறது. அடுத்தவர் நேர் எதிராகச் சொன்னால் அதுவும் சரி போல இருக்கிறது. 2024இல் யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி மூன்று ஆசனம் எடுத்தபோது எங்கள் வீட்டில் பெரிய சண்டை. "தமிழர் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டுவிட்டார்கள்" என்றான் தம்பி. "எல்லாம் இந்தியா பார்த்த வேலை" என்றார் மாமா. எனக்கு இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அரசியலை முறையாக ஆராய்வதைக் கற்க முடியுமா? அதற்குப் பல்கலைக்கழகம் போகத்தான் வேண்டுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, கொழும்பு 6)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கற்கலாம். பல்கலைக்கழகம் போனால் நல்லது, போகாவிட்டாலும் கற்கலாம். அரசறிவியலில் பட்டம் எடுத்தவர்களிலும் பலர், தேர்தல் முடிவு வந்த இரவில் உங்கள் மாமாவைப் போலத்தான் பேசுகிறார்கள். சொற்கள் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கும்.

யார் பேசினாலும் சரி போல இருப்பது உங்கள் குறை என்று நினைக்காதீர்கள். நடந்து முடிந்த ஒன்றுக்குக் காரணம் சொல்வது மிகச் சுலபமான வேலை. ஒரே ஒரு விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாச் செய்தியும் அதற்குச் சாட்சி சொல்வது போலவே தெரியும். இரண்டு மூன்று விளக்கங்களை அருகருகே வைத்து, எந்தச் சான்று எதைத் தள்ளுகிறது என்று பார்க்கத் தொடங்கினால்தான் அது ஆராய்ச்சி. அரசியலை ஆராயும் இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில் முக்கால்வாசி இதுதான். ஆனால் இதைக் கொள்கையாகக் கேட்டு ஒருவருக்கும் பிடிபட்டதில்லை. ஆகவே உங்கள் வீட்டுச் சண்டையையே எடுத்துச் செய்து பார்ப்போம்.

யாழ்ப்பாணம் ஏன் மாறியது என்று கேட்கமுன், என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். தேர்தல்கள் ஆணைக்குழுவின் பெறுபேற்றை எடுத்து வையுங்கள். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 80,800 அளவான வாக்கு. செல்லுபடியான வாக்குகளில் 24.85 சதவீதம். நாலு பேரில் மூன்று பேர் அவர்களுக்குப் போடவில்லை. தமிழரசுக் கட்சிக்கு 63,300 அளவில். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கும் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கும் தலா 28,000க்குச் சற்றுக் குறைவு. ஆசனமோ 3, 1, 1, 1. காங்கிரசைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாக்கெடுத்த தமிழரசுக்கும் ஒன்று, காங்கிரசுக்கும் ஒன்று. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இந்த இடத்தில் கை அரிக்க வேண்டும்.

ஆசனம் பங்கிடும் விதி இதுதான். மாவட்டத்தில் முதலிடம் வரும் கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று முதலிலேயே போய்விடும். 5 சதவீதம் எடுக்காத கட்சிகள் கணக்கிலிருந்து வெளியே. (1978 அரசியலமைப்பில் இந்த வெட்டுப்புள்ளி 12.5 சதவீதம், 1988இல் 15ஆம் திருத்தம்தான் அதை 5 ஆக்கியது. சிறு கட்சிகள் இன்று உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.) மிஞ்சிய வாக்கை மிஞ்சிய ஆசனத்தால் வகுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்படி மிஞ்சியது ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் வாக்கு, 5 ஆசனம். ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 48,000. தேசிய மக்கள் சக்தி ஒன்றை எடுத்தது; கையில் மீதி 32,000க்கு மேல். தமிழரசு ஒன்றை எடுத்தது. மீதி 15,000 சொச்சம். இன்னும் மூன்று ஆசனம் இருக்கிறது. அவை மீதி அதிகம் உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும்: தேசிய மக்கள் சக்தி, காங்கிரஸ், சுயேச்சைக் குழு. போனசோடு சேர்த்துத் தேசிய மக்கள் சக்திக்கு 3.

இப்போது இன்னொன்று செய்து பாருங்கள். 2020இல் டெலோ, புளொட் என்ற இரண்டு தமிழ்க் கட்சிகளும் தமிழரசோடு ஒரே வீட்டுச் சின்னத்தில் நின்றன. 2024இல் அவை சங்குச் சின்னத்தில் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியாகத் தனியே போய், யாழ்ப்பாணத்தில் 22,500 அளவில் வாக்கெடுத்தும் ஆசனம் இல்லாமல் நின்றன. அந்த வாக்கைத் தமிழரசின் வாக்கோடு கூட்டுங்கள். ஏறத்தாழ 86,000 வருகிறது. முதலிடம் கைமாறுகிறது, போனசும் கூடவே போகிறது. மறுபடி வகுத்தால் கூட்டணிக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 2, காங்கிரசுக்கு 1. சுயேச்சைக் குழுவுக்கு ஒன்றும் இல்லை. தேசிய மக்கள் சக்திக்கு விழுந்த வாக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் அடுத்த நாள் பத்திரிகைத் தலைப்பு முழுக்க வேறாக இருந்திருக்கும். உண்மையில் வாக்கு இப்படி ஒட்டுமொத்தமாகக் கூடிவிடாது. சங்குக்குப் போட்டவர்களில் வீட்டோடு கோபித்துக்கொண்டவர்களும் இருப்பார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும், "மூன்று ஆசனம்" என்ற செய்தியில் மக்களின் மனமாற்றம் எவ்வளவு, விதியும் பிளவும் எவ்வளவு என்று பிரித்துப் பேச முடிகிறதல்லவா? உங்கள் தம்பி ஆசனத்தைப் பார்த்து வாக்காளர் மனதைப் பற்றிப் பேசிவிட்டார். மிகப் பொதுவான சறுக்கல் இது. தொலைக்காட்சியில் அரசியல் ஆய்வாளர் என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டு வருபவர்களிடமும் தாராளமாகப் பார்க்கலாம்.

சரி, அப்படியானால் விளக்க வேண்டியது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இதே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர் அநுரகுமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 27,000 அளவான வாக்கு, 7.29 சதவீதம். இரண்டே மாதத்தில் அது மூன்று மடங்காகியிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேள்வியைச் சரியாகப் பிடித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்கு என்னென்ன விளக்கம் சொல்லலாம்? தம்பியின் விளக்கம் ஒன்று: தமிழ்த் தேசிய அரசியலே மக்களுக்கு வேண்டாமென்றாகிவிட்டது. இன்னொன்று: தமிழ்க் கட்சிகளின் உட்சண்டையில் சலித்து, ஒரு தடவை தண்டிப்போம் என்று போட்டார்கள். மூன்றாவது: அநுர ஜனாதிபதியாக வந்தாயிற்று, இனி ஆட்சியோடு நிற்பதுதான் புத்தி என்ற நினைப்பு, இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. நாலாவது மாமாவுடையது.

ஒரு தாளில் இந்த நாலையும் மேலே வரிசையாக எழுதுங்கள். இடப்பக்கம் கீழ்நோக்கிச் சான்றுகளை எழுதுங்கள். ஒவ்வொரு சான்றுக்கும் ஒவ்வொரு விளக்கத்துக்கும் நேரே, பொருந்துகிறது, முரண்படுகிறது, சம்பந்தமில்லை என்று ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.யில் வேலை செய்த ரிச்சர்ட்ஸ் ஹியூவர் என்பவர் தம் ஆய்வாளர்களுக்காக ஒழுங்குபடுத்திய முறை இது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லா விளக்கத்துக்கும் பொருந்துகிற சான்று எவ்வளவு பரபரப்பானதாக இருந்தாலும் அதற்குப் பெறுமதி இல்லை, அடித்துவிடலாம். அதேபோல, அதிகம் பொருந்துகிற விளக்கத்தைத் தேடக்கூடாது. குறைவாக முரண்படுகிற விளக்கத்தைத் தேட வேண்டும். ஒரு பொய்க்கும் பொருந்துகிற சான்று பத்து கிடைக்கும், ஆனால் ஒரு நல்ல முரண்பாடு வந்தால் அது விழுந்துவிடும்.

தாளை நிரப்பிப் பார்ப்போம். அதே இரண்டு மாதத்தில் நாடு முழுவதும் தேசிய மக்கள் சக்தியின் பங்கு 42.31 சதவீதத்திலிருந்து 61.56 சதவீதத்துக்குப் போனது. இது பெரிய சான்று. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய காரணம் எதைச் சொன்னாலும் மொனராகலையிலும் குருநாகலையிலும் ஏன் ஏறியது என்று அதனால் சொல்ல முடியாது. மூன்றாவது விளக்கம் இங்கே நிமிர்ந்து நிற்கிறது. அடுத்த சான்று மட்டக்களப்பு. நாட்டிலுள்ள 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் வராதது அங்கே மட்டும்தான்; தமிழரசு 5 ஆசனத்தில் 3 எடுத்தது. தமிழர் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டார்கள் என்றால் மட்டக்களப்புத் தமிழர் யார்? தம்பியின் விளக்கத்துக்கு நேரே ஒரு முரண்பாடு விழுகிறது. பல விதத்தில் ஒத்த இரண்டு இடங்களில் முடிவு மட்டும் வேறாக இருந்தால், வேறாக இருந்த மற்றது என்னவென்று தேடு என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜோன் ஸ்டூவர்ட் மில் சொல்லிவைத்த வழி. யாழ்ப்பாணத்தில் தமிழ் வாக்கு அரை டசினுக்கு மேற்பட்ட கூறாகச் சிதறியது, மட்டக்களப்பில் அவ்வளவு சிதறவில்லை. ஆனால் அவசரப்படக்கூடாது. மட்டக்களப்பில் முஸ்லிம் வாக்காளர் தொகையும் பெரியது. ஆசனம் போய்விடக்கூடாதே என்று தமிழ் வாக்கு ஒரு பக்கம் திரள அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு வித்தியாசம் இருக்கும்போது இந்த வழி ஒன்றைக் கைகாட்டித் தராது.

மூன்றாவது சான்று பிறகு வந்தது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் தமிழரசு மறுபடி முதலிடம். நாடு முழுவதும் தேசிய மக்கள் சக்தியின் பங்கு 43.26க்கு இறங்கியது. அலையோடு ஏறியது அலையோடு இறங்கியிருக்கிறது. தம்பிக்கு இன்னொரு அடி. ஆனால் இந்தச் சான்றுக்கு நான் அரைப் பெறுமதிதான் கொடுப்பேன். உள்ளூராட்சியில் ஆட்கள் தெரிந்த முகங்கள், வட்டார முறை வேறு. இன்னொரு பொறியும் இருக்கிறது: பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் கிளிநொச்சியும் சேர்ந்தது, உள்ளூராட்சிப் பெறுபேறு நிர்வாக மாவட்டமாக வரும். இரண்டு தாளையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

மாமாவின் விளக்கம்? அதற்கு நேரே எல்லாக் கட்டமும் "பொருந்துகிறது" என்றுதான் வரும். தமிழரசு வென்றால் இந்தியா வெல்ல வைத்தது, தோற்றால் தோற்க வைத்தது. எந்தச் சான்றாலும் முரண்பட முடியாத விளக்கத்தைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அது பொய்யென்று நிரூபித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவுதான். மாமாவோடு சண்டை வேண்டாம். எது நடந்திருந்தால் "இது இந்தியா செய்யவில்லை" என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுபடி தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கட்டம் போட்டு நிரப்பியதும் விஞ்ஞானம் செய்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு வரும். எந்தச் சான்றை எழுதுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பது நீங்கள்தான். பிடித்த விளக்கத்துக்கு மூன்று சான்றைத் தேடிப்போட்டு, பிடிக்காததுக்கு அரை மனதோடு ஒன்று போட்டால் தாளும் உங்களைப் போலவே பேசும். ஆகவே நிரப்பிய தாளை உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் கொடுங்கள். அந்த வகையில் உங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது, எதை வைத்துப் பழகுவது. இன்றைய செய்தியை வைத்துப் பழக வேண்டாம். முடிவு தெரியாத விஷயத்தில் உங்கள் கணிப்பு சரியா பிழையா என்று தெரிய மாதக்கணக்கு, சில வேளை வருடக்கணக்கு ஆகும். அதுவரை நீங்கள் பழகுவது பேச்சு மட்டும்தான். முடிந்துபோன, ஆவணம் முழுதாக இருக்கிற நிகழ்வை எடுங்கள். எனக்குப் பிடித்தது 2018 ஒக்டோபர் 26. அன்று இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். அன்றைய திகதியோடு ஒரு வெற்றுத் தாளை எடுத்து, அதற்குப் பின்னால் நடந்தது ஒன்றும் தெரியாத மாதிரி உட்காருங்கள். உங்களிடம் இருப்பது 2015 தேர்தல் தந்த எண்ணிக்கை: ஐக்கிய தேசியக் கட்சி அணிக்கு 106, சுதந்திரக் கட்சி அணிக்கு 95, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, ஜே.வி.பி.க்கு 6, மற்றவர் 2. பெரும்பான்மைக்கு 113. இன்னொரு ஆவணம் அன்று நடைமுறையில் இருந்த, அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம். நாலரை வருடம் முடியமுன், பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு கேட்டாலொழிய, ஜனாதிபதி அதைக் கலைக்க முடியாது என்றது அது.

இந்த இரண்டை வைத்தே அடுத்தது என்ன என்று எழுதுங்கள். யார் யாரை வாங்க வேண்டும், எத்தனை பேரை? முடியாவிட்டால் என்ன செய்வார்? எழுதிய பிறகுதான் அடுத்த திகதியைத் திறக்க வேண்டும். நவம்பர் 9, கலைப்பு. நவம்பர் 13, உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. நவம்பர் 14, மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை. டிசம்பர் 12, ரணிலுக்கு ஆதரவாக 117 வாக்கு. கூட்டமைப்பு கை தூக்கியிராவிட்டால் அந்த எண் வந்திராது. டிசம்பர் 13, கலைப்புச் செல்லாதென்று ஏழு நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பு. 15இல் மகிந்த விலகல், 16இல் ரணில் மறுபடி பதவியேற்பு. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எழுதிப் பாருங்கள். ஆளின் குணத்தை வைத்துக் கணித்த இடங்களிலும், எண்ணிக்கையையும் சட்டத்தையும் வைத்துக் கணித்த இடங்களிலும் எவை எவ்வளவு சரிவந்தன என்று பிறகு பிரித்து எண்ணுங்கள். "மகிந்த விடமாட்டார்" என்ற ஒற்றை வரியை நம்பியிருந்தவர்கள் டிசம்பரில் எங்கே நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அப்படி நடக்காமல் இருந்திருந்தால்" என்ற பேச்சும் நம்மிடம் அதிகம். 2005 ஜனாதிபதித் தேர்தலை எடுங்கள். வடக்கில் புலிகளின் புறக்கணிப்பால்தான் மகிந்த வென்றார் என்பதை எல்லாரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அவருக்கும் ரணிலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்கு. யாழ்ப்பாணத்தில் பதிவு 7 இலட்சம் அளவில், வாக்களித்தவர்கள் 1.2 சதவீதம். அந்த வித்தியாசத்தை யாழ்ப்பாணம் மட்டும் புரட்டிப்போட, 3 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் வந்து அதில் ஐந்தில் நாலு பங்கு ரணிலுக்குப் போட வேண்டும். முடியாததல்ல, ஆனால் பேச்சில் ஒலிக்கிற அளவு சுலபமும் அல்ல. யாரும் கவனிக்காத இன்னொரு கணக்கு இருக்கிறது. மகிந்த எடுத்தது 50.29 சதவீதம். வேறு எவருக்காவது இன்னும் 58,000 வாக்கு விழுந்திருந்தால் அவர் 50க்குக் கீழே போயிருப்பார், வாக்காளர்கள் அடுத்ததாகக் குறித்த இரண்டாம் விருப்பை எண்ண வேண்டி வந்திருக்கும். இலங்கையில் அது முதன்முதல் நடந்தது 2024இல்தான். ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புறக்கணிப்பையும் மாற்றி, சமாதானத்தையும் கொண்டுவந்து, ரணிலின் பேச்சையும் திருத்தினால் அது கதை எழுதுவது.

விதியைத் தெரிந்துகொள்ளாமல் நோக்கத்தைப் பேசுவதில் பெரிய நட்டம் மாகாண சபை விஷயத்தில்தான். கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2014இல், ஊவாவுக்கு. வட மாகாணத்துக்கு 2013இல் நடந்தது. ஏன் நடத்தவில்லை என்று கேட்டால் சிங்களக் கட்சிகளுக்கு விருப்பமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். இருக்கலாம். ஆனால் விருப்பமின்மை எந்தக் கதவால் உள்ளே வந்தது? 2017இல் ஒரு திருத்தச் சட்டம் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த கலப்பு முறையாக மாற்றியது. அதற்கு எல்லை நிர்ணயம், அதாவது தொகுதி எல்லைகளை வகுப்பது, தேவை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்துக் கை தூக்கினார். தமிழ் உறுப்பினர்கள் தரப்பிலிருந்தும் ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் முடியவில்லை. இடையில் சட்டம் தொங்குகிறது. இதை எழுதும்வரை நிலைமை அதுதான். இப்போது "யாருக்கு விருப்பமில்லை" என்ற கேள்வியை விட்டு, "இந்த முடிச்சை அவிழ்க்கும் அதிகாரம் யார் கையில், அவிழ்க்காமல் விடுவதால் அவர்களுக்கு என்ன நட்டம்" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு திசையில் போகும்.

இதற்கெல்லாம் ஆவணம் வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு அந்தக் குறை இல்லை. ஹன்சார்ட் என்ற பாராளுமன்ற உரைப் பதிவு, வர்த்தமானி, தேர்தல் பெறுபேறு எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன. பழைய பத்திரிகைக்குச் சுதந்திரச் சதுக்கம் பக்கம் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குக் கிட்டவே தமிழ்ச் சங்க நூலகம். திணைக்களத்திடமிருந்து ஒரு தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் வேலை செய்பவருக்குச் சிங்களம் ஓரளவு தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே நாள் வீரகேசரியையும் லங்காதீபவையும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையையும் பக்கத்தில் வைத்து, முதல் பக்கத்தில் எது இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு செய்தியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட, எது ஒன்றில் இருந்து மற்றதில் அடியோடு இல்லை என்பது அதிகம் சொல்லும்.

ஆவணத்தால் சொல்ல முடியாததும் உண்டு, அதையும் பழக வேண்டும். உங்கள் ஊர் மாநகர சபையிலேயே உதாரணம் இருக்கிறது. 2025 தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 48. ஜூன் 16 மேயர் தெரிவில் அவர்களின் வேட்பாளர் விராய் கெலி பல்தசாருக்கு 61 வாக்கு, எதிரணி வேட்பாளருக்கு 54. கூடுதலாக வந்த 13 பேர் யார்? அது இரகசிய வாக்கெடுப்பு. பெயர் சொல்லி அடித்துப் பேசுபவரிடம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். நம்மால் உறுதியாகச் சொல்லக்கூடியது, பகிரங்க வாக்கெடுப்பா இரகசிய வாக்கெடுப்பா என்று அன்று சபையில் அவ்வளவு இழுபறி நடந்ததற்குக் காரணம் இருந்தது என்பதுதான்.

உங்கள் தொழில் பழக்கம் ஒன்று இங்கே நேரடியாக உதவும். மாத முடிவில் வங்கிக் கூற்றையும் காசேட்டையும் வைத்து இணக்கம் பார்ப்பீர்களே, அதே மாதிரி கணிப்புக்கும் ஒரு கொப்பி வையுங்கள். "பார்க்கலாம்", "வாய்ப்பிருக்கிறது", "மறுப்பதற்கில்லை" என்றெல்லாம் எழுதக்கூடாது. என்ன நடக்கும், எந்தத் திகதிக்குள், எத்தனை சதவீத நம்பிக்கை என்று எழுத வேண்டும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. உங்கள் சதவீதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 70 சதவீதம் என்று சொன்னது நடந்தால் 0.09. 90 சதவீதம் என்று அடித்துச் சொன்னது நடக்காவிட்டால் 0.81. சராசரி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று எழுதித் தப்பினால் 0.25 வரும், அதைவிடக் கூடினால் பேசாமல் இருந்திருக்கலாம் என்று அர்த்தம். பிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் 284 நிபுணர்களிடம் பல வருடமாக இப்படிக் கணிப்புக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். ஊடகங்களில் புகழ்பெற்றவர்களின் கணிப்புத்தான் அதிகம் பிசகியிருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. திருத்தமாகப் பேசுபவரைவிட உறுதியாகப் பேசுபவரைத்தான் தொலைக்காட்சிக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டீர்கள். முறையான படிப்பில் கிடைப்பது இரண்டு: மற்ற நாடுகளில் இதே விஷயம் எப்படி நடந்தது என்ற பரந்த வாசிப்பு, எழுதியதைத் திருத்தித் தர ஓர் ஆள். முதலாவதை நூலகத்தில் ஓரளவு ஈடுகட்டலாம். இரண்டாவது கடினம். ஆகவே எந்த வகுப்பில் சேர்ந்தாலும் சேரமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாங்கள் எழுதுவதை யாராவது வாசித்துப் பிழை சொல்வார்களா? விரிவுரையும் சான்றிதழும் மட்டும்தான் என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்கு மாதம் ஒருமுறை மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து ஒருவர் தாளை மற்றவர் கிழிப்பது எவ்வளவோ மேல்.

தொடங்குவதற்கு ஒரு வேலை தருகிறேன். யாழ்ப்பாணத்துக்கு நான் செய்த ஆசனக் கணக்கை 2024 வன்னி மாவட்டத்துக்கு நீங்களே செய்யுங்கள். பெறுபேற்றுத் தாளும் ஒரு கணிப்பானும் போதும். யார் யார் சேர்ந்திருந்தால் போனஸ் எங்கே போயிருக்கும் என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு கொப்பியின் முதல் வரி: அடுத்த 12 மாதத்துக்குள் மாகாண சபைத் தேர்தலுக்கு வேட்புமனு கோரி அறிவித்தல் வருமா, எத்தனை சதவீதம், ஏன் என்று மூன்று வரிக்குள். இரண்டையும் இந்தப் பகுதிக்கு அனுப்பிவையுங்கள். கணக்குப் பிழைத்திருந்தால் எந்த வரியில் என்று குறித்துத் தருகிறேன். சதவீதத்தைப் பற்றி 12 மாதம் கழித்துப் பேசுவோம்.